தூக்கிக் கட்டிய வைரம்

என் இடது கை மோதிர விரலின் அளவு பதினெட்டு. பாலக்காட்டு நகைக்கடையில் அதை அளந்த பெண் நம்பாமல் இரண்டாவது முறையும் அளவு வளையத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சேச்சிக்கு நல்ல பலமுள்ள கை" என்று சிரித்தாள். பெண்களுக்கு வழக்கமாக வருகிற அளவைவிடப் பெரிது என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வருங்கால மாமியாருக்கு அந்த மரியாதையெல்லாம் தேவைப்படவில்லை. "ஆம்பளக் கை மாதிரில்ல இருக்கு" என்றார், தன் மகளைப் பார்த்து.

எனக்குக் கோபம் வந்தது அப்போது இல்லை. அதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கை பெரிதுதான், அதில் என்ன பொய்.

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் ஊர். தென்னையும் மாடும் வைத்துப் பிழைக்கிற சனம். நான் மிருகாஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், கால்நடை ஆய்வாளராக. கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய வேலை. ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதும், போட்ட மாடு சினை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் என் அன்றாடம். தோள்வரை வருகிற மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, இடது கையை மாட்டின் ஆசனவாய் வழியாக முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கர்ப்பப்பையின் கழுத்தைத் தடவிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசிக்குழல் வலது கையில். உள்ளே போன கைக்கு விரல் நுனியை விட்டால் வேறு வழிகாட்டி கிடையாது. அங்கே சதை நனைந்த காகிதம் போல இருக்கும். நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தால்கூடக் கீறிவிடும். ஆழமாகக் கிழிந்தால் மாடு பிழைப்பது கஷ்டம்.

அதனால் நான் நகம் வளர்ப்பதில்லை, வளையல் போடுவதில்லை. மோதிரம் என்பதை அதுவரை போட்டதே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வண்டன்மேட்டுக்காரர்கள். எங்கள் சனம்தான். மாப்பிள்ளையின் தாத்தா காலத்தில் உடுமலைப் பக்கத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டம் வாங்கியவர்கள். இரண்டு தலைமுறையில் பேச்சு மாறி, கம்பம் தேனிக்காரர்கள் மாதிரியே பேசினார்கள். பெண் பார்க்க வந்தபோது, எங்கள் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போகிற வழியில் நின்று நாங்கள் இருவரும் பத்து நிமிடம் பேசினோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நான் வேலைய விட மாட்டேனுங்க. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும் மேல பேசலாம்."

"எதுக்கு விடணும்?" என்றார் அவர். "இடுக்கியும் கேரளாதானே. மாற்றல் வாங்கிட்டு வந்துரலாம்ல. எங்க பக்கம் மாட்டு டாக்டருக்கு அலையுறாங்க."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் சம்மதித்தேன். முகம் பார்க்கும்படி இருந்தது, பேச்சு நிதானமாக இருந்தது, அதெல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பதில் வேறு விதமாக இருந்திருந்தால் அவர் எவ்வளவு லட்சணமாக இருந்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். மூன்று மாதம் போனில் பேசினோம். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, மாற்றலுக்கான விண்ணப்பத்தை, எங்கள் பக்கத்துப் பேச்சில் அபேட்சையை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார்.

நிச்சயத்துக்கு வைர மோதிரம் போடுவது என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்தார்கள். எங்கள் பக்கம் அதெல்லாம் இப்போதுதான் வந்த பழக்கம். "பொண்ணுக்குப் பிடிச்சத எடுக்கலாம், கூட்டிட்டு வாங்க" என்று அவருடைய அம்மா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். அவர்கள் விடியக் கிளம்பி ஆறு மணி நேரம் காரில் வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, கல்யாணமான அக்கா. எங்கள் பக்கம் நானும் அப்பாவும். அம்மாவுக்கு அன்றைக்குக் கன்று ஈனுகிற மாடு இருந்ததால் வரவில்லை.

கடைப்பெண் கருநீல வெல்வெட் தட்டில் மோதிரங்களைப் பரப்பினாள். அக்கா தன் போனில் படங்களோடு தயாராக வந்திருந்தார். நடுவில் ஒரு பெரிய கல், அதை ஆறு கொக்கிகள் மேலே தூக்கிப் பிடித்திருக்கும். கீழே வளையத்தில் பாதிச் சுற்றுக்குச் சின்னச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு குட்டிக் கொக்கிகள். "ஓப்பன் செட்டிங்" என்றாள் கடைப்பெண். நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் உள்ளே போகுமாம், கல் நன்றாக ஜொலிக்குமாம். ஜொலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. எடுத்து என் விரலில் போட்டார்கள். விரலுக்கு மேல் ஒரு குன்றிமணி உயரம் நின்றது.

நான் அதைத் துப்பட்டாவில் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தேன். கொக்கியில் நூல் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

"இது எனக்குச் சரிப்படாதுங்க அத்தை" என்றேன். "கையுறை கிழிஞ்சு போகும். உள்ள குத்துச்சுன்னா மாட்டுக்கு ஆகாது."

"வேலைக்குப் போறப்பக் கழட்டி வெச்சிரலாம்ல?" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்குக் கடைக்குள் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியமே அதுதான்.

"நிச்சய மோதிரத்தைக் கழட்டுறதாவது! கூடவே கூடாது" என்றார் அவருடைய அம்மா.

சரி, அப்படியானால் கழற்றத் தேவையில்லாததாக எடுப்போம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு நல்ல மனதோடுதான் இருந்தேன். கடைப்பெண்ணிடம், மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு உடனே புரிந்தது. அவளுடைய வீட்டிலும் மாடு இருந்தது என்று பிறகு சொன்னாள். உள்ளே போய் வேறு தட்டு கொண்டு வந்தாள். அதில் ஒரு மோதிரம், பட்டையான தங்க வளையம். வளையத்தின் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி, அதற்குள் ஏழு வைரங்களை வரிசையாக உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தங்க வரப்பு கட்டியிருந்தது. சேனல் செட்டிங் என்றாள். கல் எதுவும் மேலே எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. துப்பட்டாவில் தேய்த்தேன். ஒரு நூல்கூட எழும்பவில்லை.

எனக்கு நகை ஆசை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த மோதிரத்தைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு ஆசை வந்தது. அது வேலை செய்கிற கைக்கென்று யாரோ யோசித்துச் செய்த மோதிரம். "எனக்கு இது போதுங்க, இதுவே ரொம்ப நல்லாருக்கு" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கல்லே தெரியலையே. போட்டோவுல வெறும் தங்க வளையம் மாதிரில்ல இருக்கும்."

"மாட்டுக்காகவா மோதிரம் எடுக்குறோம்?" என்று அவருடைய அம்மா சிரித்தார். பிறகு, ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதுபோல, தட்டில் இருந்த மோதிரங்களை ஒதுக்கியபடியே சொன்னார். "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்குத்தா மாட்டுக்குள்ள கை விடப் போற? அதான் ராஜினாமா எழுதிக் குடுத்துருவன்னு உங்க அப்பா சொல்லிட்டாரே."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெல்வெட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வைரத்துக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கல்லாக அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

பிறகு நான் அவரை, நான் கட்டிக்கொள்ளப் போகிற மனிதரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து, வராத செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது அந்த மேசையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்.

"நானும் பேங்க்லதான் இருந்தேன்" என்றார் அக்கா, ஆறுதல் சொல்கிற குரலில். "கல்யாணம் ஆனதும் விட்டுட்டேன். இப்ப என்ன கொறஞ்சு போச்சு? தோட்டம் தொரவுன்னு அம்புட்டு வேலை கெடக்கு."

காது மடல் சுட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மதம் பிடித்த மாதிரி உதைக்கிற மாட்டைக் கட்டிப் போட்டு ஊசி போடுகிறவள், அந்த ஏ.சி. அறையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு கொக்கி மோதிரத்தை என் விரல் அளவுக்குச் செய்யச் சொல்லி எழுதினார்கள். பில் அவருடைய அம்மா பெயரில். கடைப்பெண் மட்டும் சேனல் மோதிரத்தை உடனே உள்ளே கொண்டுபோகாமல் என் முன்னாலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அப்புறம் அவளும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது காரில் நானும் அப்பாவும் மட்டும்தான். வழியில் இருக்கிற சித்தூரைத் தாண்டினோம். பிறகு கேட்டேன்.

"எப்பச் சொன்னீங்க அவங்ககிட்ட?"

"அவிக பொண்ணுப் பாக்க வரதுக்கு முந்தியே கேட்டாங்க, அம்மிணி. நானும் சரின்னுட்டேன்."

"எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலீங்களா?"

"உங்கிட்டக் கேட்டா நீ மாட்டேன்னுதான சொல்லுவ."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்தது. நான் மாட்டேன் என்று சொல்வேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் கேட்கவில்லை. பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் என் பெயர் வந்த அன்றைக்கு ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தவரும் இவர்தான். "என்ற புள்ள கவருமெண்டு வேலை" என்று பால் சொசைட்டி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையைத்தான் ஒரு போன் பேச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"நல்ல எடம். விட்டுட்டா அப்புறம் கெடைக்காது. உனக்கும் வயசாகுது" என்றார். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்கலாமா என்று இருந்தது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதால் அதுவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டு அப்பாவிடம் போனார். "ஏனுங்க, புள்ள சம்பாரிச்ச வேலைய நீங்க யாருங்க எழுதிக் குடுக்க?" என்று அம்மா கேட்டது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். என் அம்மா அப்பாவிடம் குரலை உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ஏலக்காய்ப் புகையறைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார் போல, பின்னால் இயந்திரச் சத்தம்.

"உங்களுக்குத் தெரியுமாங்க, தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். அவ்வளவு நேர்மையாவது இருந்தது. "ஆனா நான் அதுக்கு ஒத்துக்கிட்டேன்னு இல்ல. அம்மாகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். கல்யாணம் முடியட்டும், நானே பேசறேன்."

"கல்யாணம் முடிஞ்சு இல்லீங்க. இப்ப. நிச்சயத்துக்கு முன்னாடி. நீங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. அந்த மோதிரத்தையும் மாத்துங்க. நான் போட்டுட்டு வேலைக்குப் போற மாதிரி மோதிரம் வந்தா, நீங்க சொல்லிட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுரும்."

"சரி. சொல்லுறேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் செய்தி அனுப்பினார். "பேசிட்டேன். மோதிரம் மாத்தியாச்சு." அதைப் படித்தபோது நான் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா, "என்ன டாக்டரம்மா, ஒரே சிரிப்பா இருக்கு?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒன்னுமில்லீங்க" என்றேன். அப்பா மீது இருந்த கோபத்தில்கூடப் பாதி அன்றைக்குக் குறைந்தது. அவர் தவறாகக் கொடுத்த வாக்கை இன்னொருவர் சரி செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

நிச்சயம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மண்டபத்தில். காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். இரண்டு பக்கமும் சேர்த்து, சொந்தபந்தம் ஒறம்பரை என்று இருநூறு பேர் இருந்திருக்கும். தட்டு மாற்றி, பத்திரிகை வாசித்து முடித்தார்கள். நான் வாழைப்பூ நிறப் பட்டுச் சேலையில் மேடையில் நின்றேன். போட்டோக்காரர் எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். அவருடைய அம்மா ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்து மகனிடம் கொடுத்தார்.

ஆறு கொக்கிகள். நடுவில் அந்தப் பெரிய கல். மேடை விளக்கு வெளிச்சத்தில் கடையில் பார்த்ததைவிட இன்னும் உயரமாகத் தெரிந்தது.

"மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே?" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் உதட்டை அசைக்காமல் பேசினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "இப்பப் போட்டுக்க. அப்புறமாப் பாத்துக்கலாம்."

"அம்மாகிட்டப் பேசுனேன்னீங்க?"

"எல்லாரும் பாக்குறாங்க. கையக் குடு."

கையைக் கொடு. அவர் அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்டார். ஆனால் எனக்கு மூன்று மாதத்துப் போன் பேச்சும் அந்த இரண்டு சொல்லில் வந்து நின்றது. எங்கள் கொட்டகைப் பக்கம் நின்று, எதுக்கு விடணும் என்று அவர் கேட்டபோதே அவருக்குத் தெரியும். நான் அபேட்சை எழுதிய தாளை அனுப்பியபோதும் தெரியும். மோதிரம் மாத்தியாச்சு என்று அனுப்பிய செய்தியும் பொய். அவர் என்னை விரும்பவில்லை என்று சொல்ல மாட்டேன். விரும்பித்தான் இருந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக, விரும்புகிற பெண்ணிடம் மூன்று மாதம் பொய் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

நான் விரல்களை மடக்கிக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"மோதிரம் வேண்டாமுங்க" என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். "நான் வேலைக்குப் போறவ. கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். இவருக்கு அது தெரியும். அவங்க வீட்டுலயும் சரின்னு சொல்லிட்டாங்கன்னு எங்கிட்டச் சொன்னார். அது பொய்யின்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அத்தை, நீங்க சொல்லுங்க. என்னை வேலைக்கு விடுவீங்களா?"

அவருடைய அம்மாவின் முகம் சிவந்துபோனது. அவர் தன் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்று தெரிந்தது. மகன் எதையும் பேசவில்லை. நான் மாற்றலுக்கு எழுதியதுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவரையும்தான் இருட்டில் வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த ஒரு நிமிடம்தான்.

"இதென்ன மேடையில நின்னு பேசுற பேச்சா?" என்றார் அவர் என் அப்பாவிடம். "ஏங்க, நீங்கதான சொன்னீங்க, புள்ள சொன்னபடி கேக்கும்னு?"

அப்பா மேடை ஏறி வந்தார். என் முழங்கையைப் பிடித்தார். "அம்மிணி, சித்த சும்மா இரு. போட்டுக்க. மானம் போகுது."

"யாரு மானமுங்க?" என்று கேட்டேன்.

அவர் முழங்கையை விடவில்லை. அம்மாதான் பின்னால் வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அதைச் செய்யும்போது அம்மா அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "கீழ எறங்கு கண்ணு" என்றார். நான் இறங்கினேன்.

பந்தியில் இலை போட்டிருந்தது. சாம்பார் வாசம் மண்டபம் முழுக்க. அவ்வளவு பேருக்கு நடுவில் என்னால் அழ முடியவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் கிளம்பினார்கள். வண்டிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் உள்ளே கேட்டது. அக்கா மட்டும் அலங்கார அறைக்கு வந்து, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நின்றார். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அவன் எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது என்னைக் குற்றம் சொன்னதா, தம்பியைச் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன். ஒரு விளக்கமாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு மோதிரத்துக்காக இப்படிப் பண்ணிட்டியே" என்றார்.

இந்த வாக்கியத்தைத்தான் இப்போது ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். ஒரு மோதிரத்துக்காக. கல் சின்னதாக இருந்தது என்று கோபித்துக்கொண்டாளாம். இன்னும் பெரிதாகக் கேட்டாளாம். முதலமடை மாந்தோப்பு ஒன்றில் மாட்டுக்கு ஊசி போடப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆள் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார். நிச்சயத்தில் வைரம் போதவில்லை என்று இறங்கிப் போன பெண்ணைப் பற்றி. கேட்டுக்கொண்டே வேலையை முடித்தேன். முடித்துக் கை கழுவிவிட்டு, "அந்தப் பொண்ணு நான்தானுங்க" என்றேன். அந்த ஆள் தலைப்பாகையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார்.

என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவருக்கு ஆறு மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நல்லபடியாக இருக்கட்டும் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. மாற்றல் அபேட்சையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆபீசில் கிளார்க் காரணம் கேட்டார். தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. நான் பரிமாறினால் சாப்பிடுவார், பார்க்க மாட்டார். அவர்தான் என்னிடம் தப்பு செய்தார், அவர்தான் கோபித்துக்கொண்டார். இது எந்த ஊர் நியாயம் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு வெக்கம், அம்மிணி" என்றார் அம்மா. வெட்கம் என்றால் தலையைக் குனிந்துகொண்டு தப்பாகப் போச்சு என்று சொல்லலாமே. அதை மட்டும் சொல்ல மாட்டார்.

போன மாதம் இன்னொரு வரன் வந்தது, பொள்ளாச்சிப் பக்கம். புரோக்கர் அப்பாவுக்குப் போன் செய்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் சாவியோடு வந்து அவர் முன்னால் நின்றேன். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். அவர் போனைப் பார்த்தபடியே முகத்தைச் சுளித்தார். நான் நகரவில்லை. போட்டார்.

புரோக்கர் குலம், கோத்திரம், தோட்டம் எல்லாம் கேட்டு முடித்து, "பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகுமாங்க?" என்று கேட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நிச்சயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

"போகும்" என்றார். தொண்டையைக் கனைத்தார். "போகுமுங்க. அதைக் கேக்கறதுன்னா இனி புள்ளகிட்டயே கேளுங்க. எனக்குத் தெரியாது."

போனை என் பக்கம் நீட்டினார். அதில் அன்பு இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். மன்னிப்பு இல்லை. இன்னும் கேட்கவில்லை. நான் போனை வாங்கி, புரோக்கரிடம் சாயங்காலம் கூப்பிடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அப்பா வாசலில் நின்று கேட்டைத் திறந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் போனேன். என் கோபம் இன்னும் தீரவில்லை. அது தீருகிற வரைக்கும் அவர் கேட்டைத் திறந்துவிடட்டும்.